பக்கத்தில் நின்றவனின் முகம்

படத்தில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். நடுவில் நின்றவனுக்கு முகம் இல்லை.

இளங்கோ அதை மேசை விளக்கின் கீழே வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தான். எட்டுக்குப் பத்து அளவுக் கலர் பிரிண்ட். கல்யாணப் படம். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தவனின் நெற்றியிலிருந்து தாடைவரை பதினொரு குத்துகள். அவற்றில் இரண்டு, படத்தைத் துளைத்துப் பின்னாலிருந்த அட்டையிலும் இறங்கியிருந்தன. மற்றவை மேலிருந்து கீழே இழுத்த கீறல்கள். சட்டத்தின் கண்ணாடி உடைந்து, துண்டுகள் படத்தோடு ஒட்டிப்போயிருந்தன. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே பழுப்பாக ஏதோ ஊறிக் காய்ந்திருந்தது.

சேந்தமங்கலம் கடைத்தெருவில் அவன் ஸ்டூடியோ வைத்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து தருவதுதான் இப்போது பாதி வேலை. கரையான் ஓரத்திலிருந்து தின்னும். பூஞ்சை புள்ளி புள்ளியாகப் பூக்கும். தண்ணீர் அலை அலையாகக் கோடு போடும். மனிதன் செய்கிற சேதம் மட்டும்தான் நேராக முகத்துக்குப் போகும்.

தொழில் படுத்திருந்த வருடங்களில் அவன் போலீசுக்குப் படம் எடுக்கப் போனதுண்டு. கிணற்றில் மிதந்தவர்கள், தூக்கில் தொங்கியவர்கள், வரப்புத் தகராறில் வெட்டுப்பட்டவர்கள். "தலைகிட்ட ஒண்ணு, கைகிட்ட ஒண்ணு" என்று ஏட்டு பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எடுப்பான். ஒரு வெட்டைப் பார்த்தால் வெட்டியவன் எங்கே நின்றான், எத்தனை கோபத்தில் நின்றான் என்பது ஓரளவு தெரிந்துவிடும். இந்தப் படம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தபோதே குத்தப்பட்டிருக்கிறது. குத்தியவனின் கையைக் கண்ணாடி கிழித்திருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தது அவனுடைய ரத்தம்.

"ஏம்மா, இது எப்படி ஆச்சு?"

எதிரே நின்ற பெண்ணுக்கு இருபத்திநாலு வயதிருக்கும். பெயர் ரஞ்சிதா. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். ராசிபுரம் அருகே நூல் மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் லீவு.

"தெரியலீங்ணா. டிரங்குப் பொட்டியில விரிச்ச காயிதத்துக்கு அடியில கெடந்துச்சு. கண்ணாடி ஒடஞ்சு குத்தியிருக்குமாட்டருக்குது."

கண்ணாடி உடைந்து பதினொரு தடவை ஒரே ஆளைக் குத்தாது. இளங்கோ அதைச் சொல்லவில்லை. யார் கிழித்தது என்று கேட்பதில்லை என்பது அவன் வைத்திருந்த ஒழுங்கு. கேட்டால் கதை வரும், அழுகை வரும், சில நேரம் படத்தையே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"அம்மாவுக்குத் தெரியுமா, நீ எடுத்துட்டு வந்தது?"

"தெரியாதுங்க. அடுத்த மாசம் எனக்கு நிச்சயம். அன்னைக்குக் காட்டலாம்னு. நடுவுல நிக்கறது எங்கப்பா, கருப்பண்ணன். எனக்கு ரெண்டு வயசுல மொளகு பறிக்க மரமேறி உழுந்து செத்துப்போச்சு. வேற படமே இல்லீங்க."

"மொகம் ஞாபகமே இல்லையா?"

"கண்ண மூடுனா வேட்டி தெரியும், காலு தெரியும். அதுக்கு மேல ஒண்ணுமில்ல." அவள் படத்தின் குத்துப்பட்ட இடத்தைத் தொடாமல் விரலால் சுற்றினாள். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாரதுக்கு முன்ன ஒரு தடவ அப்பா மொகத்தப் பாத்துரோணும். அவ்வளவுதாங்க."

"கம்ப்யூட்டர்கிட்டச் சொன்னா அதுவே ஒரு மொகத்தப் போட்டுக் குடுத்துரும். ஆனா உங்கப்பாவா இருக்காது. ஏதோ வடநாட்டு நடிகனாட்டம், பல்லெல்லாம் பளபளன்னு வருவான்."

"அய்யோ, அப்ப எங்கம்மாளுக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணி வெச்சதாட்டம் ஆயிருங்ணா."

இளங்கோவும் சிரித்துவிட்டான். படத்தில் இடப்பக்கம் மணப்பெண். அது இவள் அம்மா சின்னாயி. வலப்பக்கம், மாப்பிள்ளையின் தோளில் தோள் இடிக்க ஒரு இளைஞன், லேசாகச் சிரித்தபடி. அவன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"இது யாரு?"

"எங்க சித்தப்பாங்க. முத்தன். அப்பாவோட தம்பி. அவருதான் என்னைய வளத்துனது. எங்களுக்காகக் கல்யாணமே பண்ணிக்கல."

"ரெண்டு பேருக்கும் சாடை ஒத்துப்போகுமா?"

"சின்னதுல நான் கேட்டுட்டே இருப்பனுங்க, அப்பா எப்படி இருப்பாருன்னு. என்னாட்டத்தான் இருப்பான் உங்கப்பன்னு சித்தப்பா சொல்லுவாரு."

"அப்பச் சரி" என்றான் இளங்கோ. "வேலை சுலபம்."

முகமே போய்விட்ட படத்துக்கு உடன்பிறந்தவரின் முகத்தை வாங்கிப் பொருத்துவதுதான் இந்தத் தொழிலில் நடப்பு. அண்ணனுக்குத் தம்பி, அக்காளுக்குத் தங்கை. பெரும்பாலும் வேறு வயதில், வேறு வெளிச்சத்தில் எடுத்த படம் வரும். அதை இழுத்துப் பிடித்து ஒட்டவைப்பதற்குள் இரண்டு நாள் போய்விடும். இங்கே தம்பி அதே படத்தில், அதே வெளிச்சத்தில், ஒரு சாண் தள்ளி நின்றிருந்தான்.

முதலில் கண்ணாடியைப் பிரிக்க வேண்டும். உரித்தால் வண்ணமும் கூடவே வரும். ஒரு தட்டில் சுத்தமான தண்ணீர் ஊற்றிப் படத்தைக் கண்ணாடியோடு மூழ்கவிட்டான். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. மூன்று முறை தண்ணீரை மாற்றினான். கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மிச்சமிருந்த பழுப்பைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டான்.

காய்ந்த படத்தை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கியபோது, பஞ்சுக்கு எட்டாத கறை கீறல்களின் இடுக்கில் இன்னும் கொஞ்சம் இருந்தது. வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கால் ஆனது. இப்படிப்பட்ட கறை நீல அடுக்கில் கரியைப் போல் தெரியும். சிவப்பு அடுக்கில் தெரியவே தெரியாது. இளங்கோ சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதைப் பார்த்துச் சரிக்கட்டினான். ஐந்து நிமிடத்தில் ரத்தம் இருந்த தடமே இல்லாமல் போயிற்று.

நடுவில் நின்றவனிடம் சொந்தமாக மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான்: முடியின் மேல்விளிம்பு, இடது காது, தாடையில் ஒரு ஓரம். முத்தனின் முகத்தை வெட்டி எடுத்து, இரண்டு சுற்றுப் பெரிதாக்கி, அந்த இடத்தில் இறக்கினான். கண் உட்கார்ந்தது. வாய் உட்கார்ந்தது. காது மட்டும் பொருந்தவில்லை. அது பெரிய காது, வெளியே விரிந்து நின்றது; இந்த முகத்தின் பக்கத்தில் அசிங்கமாக இருந்தது. இளங்கோ சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காதைச் சின்னதாக்கினான். மீசையைக் கொஞ்சம் தடிப்பாக்கி, புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தினான். பக்கத்தில் நிற்பவனின் இரட்டை என்று தோன்றக்கூடாது, அண்ணன் என்று தோன்றவேண்டும்.

மாதிரியை ரஞ்சிதாவின் போனுக்கு அனுப்பினான். மில்லின் இரைச்சலுக்கு நடுவிலிருந்து அவள் குரல் திரும்பி வந்தது. "அண்ணா, எங்கப்பா சிரிக்கறாருங்ணா." அதற்குமேல் இருபது விநாடி மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

நிச்சயத்துக்குப் படம் எடுக்கவும் அவளே அவனைப் பிடித்துவைத்திருந்தாள். கேமராவோடு பெரிய சட்டத்தையும் ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு இளங்கோ காலை எட்டு மணிக்கு அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். பத்து வீடுகள். ரஞ்சிதாவின் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு பலாமரம். அதன் கிளையில் ஒரு கிடா தலையில்லாமல் பின்னங்காலில் தொங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு ஆள் அதன் தோலை உரித்துக்கொண்டிருந்தான். தோல் சட்டையைக் கழற்றுவதுபோல் சத்தத்தோடு இறங்கியது. கீழே மண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. மரத்தின் அடியில் ஒரு கொடுவாள் நட்டமாகக் கொத்தி நின்றது.

ஆளைப் பார்த்ததும் இளங்கோவுக்குத் தெரிந்துவிட்டது. பத்து நாளாகத் திரையில் பார்த்த கண்கள். சுற்றி மட்டும் வயதாகியிருந்தது.

"வாங்க போட்டோக்காரரே" என்றான் முத்தன். "தலை போன ஆளுக்கெல்லாம் தலை வெச்சுக் குடுக்கறவராமா. புள்ள சொல்லுச்சு. இந்தக் கெடாய்க்கும் ஒண்ணு வெச்சு உடுங்க, எந்திரிச்சுப் போயிரட்டும்."

அடுப்படியில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். முத்தன் ரத்தக் கையைச் சாக்கில் துடைத்துவிட்டுக் கும்பிட்டான். பிறகு சட்டத்தை இறக்குவதற்காக ஒரு கை கொடுத்தான். அப்போது அவனுடைய வலது உள்ளங்கை விரிந்தது. குறுக்கே நான்கு வெள்ளைத் தழும்புகள். இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. கண்ணாடி கிழித்த கை.

இளங்கோ சட்டத்தின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றான். படத்தைக் குத்தியவன் யார், எந்த முகத்தை எடுத்து எங்கே வைத்திருக்கிறோம் என்பது ஒரே நேரத்தில் அவனுக்குப் புரிந்தது. வேனின் கதவை மறுபடி சாத்தியிருக்கலாம். வழியில் உடைந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்குள் ரஞ்சிதா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "சித்தப்பா, நீங்க போயிக் கறிய முடிங்க. இதப் பாக்கக் கூடாது. அம்மாதான் மொதல்ல." முத்தன் சிரித்துக்கொண்டே மரத்தடிக்குத் திரும்பிப் போனான்.

முன்னறையில் நாற்காலி போட்டு, மஞ்சள் துணியால் மூடிய சட்டத்தை அதில் சாய்த்தார்கள். நிச்சயத் தாம்பூலத்தை முதலில் அப்பன் படத்துக்கு முன்னால் வைத்து எடுக்கவேண்டும் என்று ரஞ்சிதா ஆசைப்பட்டிருந்தாள். மாலையும் வாங்கி வைத்திருந்தாள். சின்னாயி கொல்லையிலிருந்து மஞ்சள் அரைத்த கையோடு வந்தாள். ஒல்லியான பெண்மணி, ஐம்பதுக்குள்தான் வயது. கூடவே பக்கத்து வீட்டுப் பெருமாயி, வாயில் வெற்றிலையோடு.

ரஞ்சிதா துணியை இழுத்தாள்.

சின்னாயி பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பெருமாயிதான் பேசினாள்.

"அட, முத்தனுக்கு எதுக்குடி மாலை வாங்கி வெச்சிருக்கற? உசுரோட இருக்கறவனுக்கு."

"நல்லாப் பாருங்க பெரிம்மா. சித்தப்பா ஓரத்துல நிக்கறாரு. இது எங்கப்பா."

பெருமாயி இன்னொரு முறை பார்த்தாள். பார்த்ததும் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு, சின்னாயியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அசலு எங்க?" என்று சின்னாயி கேட்டாள். கேள்வி இளங்கோவைப் பார்த்து.

அவன் பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தான். அவள் பழைய படத்தை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். குத்துகள் இருந்தன. மற்றபடி படம் சுத்தமாக இருந்தது. அவள் கட்டைவிரலால் அதன் மேல் ஒருமுறை அழுத்தித் தேய்த்தாள். விரலின் மஞ்சள்தான் ஒட்டியது.

"இதுல இருந்தது எங்கங்க?"

"எதும்மா?"

"ரத்தம்."

"கழுவிட்டேன்."

"கண்ணாடி?"

"ஒடஞ்சதுதானம்மா. போட்டுட்டேன்."

சின்னாயி தலையை ஆட்டினாள். படத்தை உறையில் போட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். கை கழுவப் போகிறாள் என்று நினைத்தான். ரஞ்சிதா அவனைப் பார்த்தாள். "அம்மாளுக்குப் புடிக்கலையாட்டருக்குதுங்ணா" என்றாள்.

சின்னாயி திரும்பி வந்தபோது கையில் கொடுவாள் இருந்தது. கிடாயின் ரத்தம் அதில் இன்னும் ஈரமாக இருந்தது. நேராக நாற்காலிக்குப் போய் நடுமுகத்தில் ஓங்கி வெட்டினாள். கண்ணாடி அறை முழுக்கச் சிதறியது. இரண்டாவது வெட்டில் சட்டம் பிளந்தது. ரஞ்சிதா பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். சின்னாயி முழங்கையால் இடித்ததில் அவள் சுவரில் போய் மோதி மூக்கு உடைந்தது. மூன்றாவது வெட்டு நாற்காலியில் இறங்கியது. ஒரு வார்த்தை பேசாமல் வெட்டினாள். மூச்சுச் சத்தம் மட்டும் விறகு பிளக்கிறவளுடையதுபோல் வந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு முத்தன் உள்ளே ஓடிவந்தான். மார்பு வரை கிடாயின் ரத்தம். அவன் பார்வை முதலில் ரஞ்சிதாவின் மூக்கில், பிறகு தரையில் கிடந்த படத்தில் நின்றது. வெட்டுக்குத் தப்பிய பாதி முகம் அவனைப் பார்த்துச் சிரித்தது. அண்ணன் கழுத்தின் மேல் அவனுடைய முகம்.

"பாத்தியா" என்றாள் சின்னாயி. "உசுர எடுத்த. தோட்டத்த எடுத்த. எம்புள்ள வாயிலருந்து அப்பாங்கற சொல்ல எடுத்த. அவன் மொகம் ஒண்ணுதான் பாக்கி. அதையும் எடுத்துக்கிட்டியா."

"அண்ணி, இது எனக்கு—"

முதல் வெட்டு அவன் தோள்பட்டையில் எலும்பில் பட்டு வழுக்கியது. அவன் விலகவில்லை, கையையும் பிடிக்கவில்லை. இரண்டாவது, இடது மேல்கையின் உட்பக்கம் ஆழமாக இறங்கியது. ரத்தம் விட்டுவிட்டுப் பாய்ந்து சுவரில் அடித்தது. அவன் மண்டியிட்டான். மூன்றாவது ஓங்கலில்தான் இளங்கோவும் பெருமாயியும் சேர்ந்து அவள் கையைப் பிடிக்க முடிந்தது. அப்போதும் அவள் கொடுவாளை விடவில்லை. பிடியோடு சேர்த்து அவளைக் கீழே உட்காரவைத்தார்கள்.

"அம்மா, சித்தப்பாவ ஏம்மா" என்றாள் ரஞ்சிதா. மூக்கு ரத்தம் பட்டுப்புடவையில் சொட்டியது.

"உங்கப்பன் மரத்துல இருந்து உழுவுல. இவன் வெட்டுனான். இங்க வந்து படத்தக் குத்திட்டு, தோட்டத்துக்குப் போயி ஆளக் குத்துனான். பெரிய மனுசனுங்க மூணு பேரு இதே எடத்துல உக்காந்து பேசுனானுங்க. செத்தவன் செத்துட்டான், இருக்கறவனையும் ஜெயிலுக்கு அனுப்பிச்சா புள்ளைக்கு ஆரு சோறு போடறதுன்னு. மரத்துல இருந்து உழுந்ததாச் சொல்லிரு, இவன் காலம் பூரா உங்களுக்குப் பாடுபடுவான்னானுங்க. பொழுதுக்குள்ள பொதச்சானுங்க. அந்த மூணு பேரும் செத்துப் போயிட்டானுங்க. இவன் ரத்தம் பட்ட படம் ஒண்ணுதான் எங்கிட்ட இருந்துச்சு. உனக்குக் கல்யாணம் முடியட்டும், மறாநாளு போலீசுக்குக் கொண்டுபோறதுன்னு இருபத்திரெண்டு வருசமாக் காத்து வெச்சிருந்தேன்." அவள் இளங்கோவைப் பார்த்தாள். குரலில் கோபம்கூட இல்லை. "இந்த மகராசன் கழுவிட்டான்."

ரஞ்சிதா முத்தனைப் பார்த்தாள். அவன் வலக்கையால் இடக்கையைப் பொத்திக்கொண்டிருந்தான். விரல்கள் முழுதாக மடங்காததால் இடுக்கில் ரத்தம் வழிந்தது.

"ஆமாங் கண்ணு" என்றான். "அண்ணி சொல்றது நெசம்."

இளங்கோ தன் துண்டை வெட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினான். அது உடனே நனைந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டால் வந்து போக ஒன்றரை மணி நேரம். வேனில் போனால் மலையிலிருந்த ஆஸ்பத்திரிக்கு அரை மணி. "யாராச்சும் ஒருத்தர் வந்து அமுத்திப் புடிச்சுக்கணும். நான் ஓட்டணும்" என்றான். அடுப்படி ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. சின்னாயி கொடுவாளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"உடுங்க. ஆடு உரிச்ச எடத்துலயே போகட்டும்."

இளங்கோ அவனை இழுத்துக்கொண்டு போய் வேனின் பின்சீட்டில் தள்ளினான். கதவைச் சாத்தும்போது ரஞ்சிதா உள்ளே ஏறினாள். முத்தனின் கையைத் தூக்கித் தன் முழங்காலில் வைத்து, துண்டின் மேல் உள்ளங்கையை ஊன்றினாள்.

ரோடு வளைந்து வளைந்து போயிற்று. எதிரே வந்த மினி பஸ்ஸுக்கு ஒதுங்காமல் ஹாரனை அடித்துக்கொண்டே போனான். வேனுக்குள் கிடாய் வாடையும் மனித ரத்தத்தின் வாடையும் கலந்து அடித்தது. பின்னாலிருந்து பேச்சு கேட்டது.

"எதுக்கு வெட்டுன?"

"தோட்டத்துல பாகம் கேட்டேன். சந்தையில வெச்சுச் செருப்புல அடிச்சான். மொத நாளு ராத்திரி பூராக் குடிச்சேன். காலையில ஊட்டுக்கு வந்தேன், ஆளு இல்ல. படத்தக் குத்துனேன். கோவம் தீருல."

"அப்பறம்?"

"மொளகு பறிக்க ஏணியில இருந்தான். கீழ எறங்குடான்னேன். எறங்குனான்."

"எத்தன வெட்டு?"

"தெரியாது சாமி."

"படத்துல பதினொண்ணு இருந்துச்சு."

"அதுக்கு மேலதான் இருக்கும்."

பிறகு ரஞ்சிதா சொன்னாள்:

"மொகத்தச் சொல்லு."

"என்ன மொகம்?"

"எங்கப்பன் மொகம். நீதான கடைசியாப் பாத்த. உன்னாட்டமே இருப்பாருன்னு சொன்ன."

"பொய்யி சொன்னேன்."

"அப்ப நெசத்தச் சொல்லு."

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினான். முன்னாலிருந்த வேன் கண்ணாடியில் இளங்கோ பார்த்தான். ரஞ்சிதா உள்ளங்கையைத் துண்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். துண்டின் அடியிலிருந்து ரத்தம் குபுகுபுவென்று கிளம்பி சீட்டில் வழிந்தது.

"ஏம்மா, கைய எடுக்காத."

"நீங்க ரோட்டப் பாருங்ணா."

முத்தன் முனகினான். "நெத்தி... நெத்தி அகலம். முன்னால முடியில ஒரு சுழி இருக்கும். எண்ணெய் வெச்சாலும் படியாது."

அவள் மறுபடி கையை ஊன்றினாள். "மூக்கு?"

"எனக்கு மாதிரி சப்ப இல்ல. நடு எலும்பு தூக்கலா, கொஞ்சம் வலப்பக்கம் சாஞ்சிருக்கும். சின்னதுல மாட்டுக்காரன் அடிச்சு ஒடஞ்சது."

"வாயி?"

"தெத்துப்பல்லு ஒண்ணு. அதனால சிரிக்க மாட்டான். சிரிச்சாக் கைய வெச்சு மறச்சுக்குவான். இடது புருவத்துல முடி மொளைக்காத ஒரு கோடு. நான் எறிஞ்ச கல்லு பட்டது. அப்ப எனக்கு ஏழு வயசு. அதுக்கு அவன் என்னைய அடிக்கல. ஓடைத் தண்ணியில கழுவிட்டு, அம்மாகிட்டச் சொல்லாதேன்னு..." அவனுக்கு மூச்சு வாங்கியது.

"காது?"

"பெருசு. யானக்காதன்னு கூப்புடுவேன். தொரத்துவான்."

அந்தக் காது கீறல் படாமல், முழுசாக இளங்கோவிடம் வந்திருந்தது. அவன்தான் அதைச் சின்னதாக்கினான். அவன் கியரை மாற்றி ஒரு வளைவை விழுங்கினான். வலப்பக்கம் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தாடையில மச்சமோ என்னமோ இருந்துச்சா?" என்று ரஞ்சிதா கேட்டாள்.

"மச்சமில்ல. அம்மைத் தழும்பு. மூணு. வரிசையா."

"கண்ணு எப்படி இருக்கும்?"

ரஞ்சிதா அவன் முகத்துக்கு அருகே குனிந்தாள்.

"கண்ணச் சொல்லு. எப்படி இருக்கும்?"

கண்ணாடியில் முத்தனின் தலை சீட்டின் முதுகில் சரிந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. ரஞ்சிதா ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்து உலுக்கினாள். மூச்சு இருந்தது. மெலிதாக, இழுத்து இழுத்து வந்தது.

அவள் சீட்டை விட்டு இறங்கி, கால் வைக்கும் இடத்தில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டின் மேல் வைத்து உடம்பின் முழுப் பாரத்தையும் அதில் இறக்கினாள்.

"வேகமாப் போங்ணா" என்றாள். "இன்னும் கண்ணச் சொல்லல."